பத்திரிகையில் வந்த மாமாவின் படம்: 147 இதழ்களில் ஒரு முகத்தைத் தேடிய கதை

“பேப்பர்ல வந்துச்சு. ஒங்க தாத்தா டவுனுக்குப் போயி வாங்கியாந்தாரு. அண்ணன் முன்னுக்கு நிக்கும், தாத்தாவோட சட்டையப் போட்டுக்கிட்டு.”

அம்மா இதைப் பல வருடங்களாகச் சொல்லி வந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஊடகத்துறையில் பட்டம் பெற்று, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று நீண்ட காலமாகத் தோன்றவில்லை. 2016 மே மாதத்து மழைக்குப் பிறகுதான் தோன்றியது.

எங்கள் ஊர் கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய. கீழே இறப்பர், மேலே தேயிலை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசரகந்த மலை சரிந்த அதே நாளில், புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தை மூடியது. 16 பேர் பலியானார்கள். நாங்கள் இருந்தது அந்தத் தோட்டத்தில் அல்ல. ஆனால், அதே மழை எங்கள் லயத்தின் கூரை வழியாகவும் இறங்கியது. சுவரில் மாட்டியிருந்த மாமாவின் கல்யாணப் படம் நனைந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கப் பார்த்தபோது முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. எங்களிடமிருந்த மாமாவின் ஒரே படம் அதுதான்.

மாமா 2009இல் வன்னியில் காணாமல் போனவர். அம்மாவுக்கு அண்ணன். கடைசிக் கடிதம் 2008இல் கிளிநொச்சியிலிருந்து வந்தது.

இறப்பர் மலையில் பிறந்த ஒருவர் ஏன் வன்னியில் காணாமல் போனார் என்று வடக்கில் யாரும் என்னிடம் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும். கொழும்பில் கேட்பார்கள். 1977 ஓகஸ்டில் தொடங்கிய வன்செயல்களில் சப்ரகமுவவின் தோட்டங்களும் தாக்கப்பட்டன. லயங்களை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். இன்னொரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று வடக்கே போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களுக்குக் காணியும் விதையும் கிடைக்க உதவின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 ஜூலைக்குப் பிறகும் அதே பாதையில் மேலும் பலர் போனார்கள். எங்கள் குடும்பம் 1977இல் இரண்டாகப் பிரிந்தது. தாத்தாவும் பதினாறு வயது மாமாவும் வடக்கே போனார்கள். அம்மாயியும் அம்மாவும் சின்னம்மாவும் லயத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்திரிகைத் துண்டு தாத்தாவின் தகரப் பெட்டியில் வடக்கே போனது. பெட்டி எந்த இடப்பெயர்வில் கைவிடப்பட்டது என்று சொல்ல இன்று யாரும் இல்லை.

ஆனால், பத்திரிகைத் துண்டு தொலைந்தால் பத்திரிகை தொலைந்துவிடாது. அன்றைக்கு அச்சடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பிரதிகளில் ஒன்று எங்காவது கட்டிவைக்கப்பட்டிருக்கும். இதைப் போன்ற படமொன்றைத் தேடும் குடும்பங்கள் வடக்கிலும் மலையகத்திலும் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் தேடிய விதத்தை இங்கே எழுதுகிறேன்.

முகத்தைத் தேடாதீர்கள், திகதியைத் தேடுங்கள்

பழைய பத்திரிகைகளைப் படத்தை வைத்துத் தேட முடியாது. ஆள் பெயரை வைத்தும் தேட முடியாது. தோட்டத் தொழிலாளர்களின் படங்களுக்குக் கீழே பெயர் போடும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. ஒரே வழி திகதிதான். அந்தத் திகதி குடும்பத்தின் நினைவில் இருக்கிறது. ஆனால், அது நாட்காட்டித் திகதியாக இருக்காது.

“எந்த வருசம்?” என்று கேட்டபோது அம்மாவால் சொல்ல முடியவில்லை. கேள்வியை மாற்றினேன். அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? மழையா வெயிலா? பள்ளிக்கூடம் இருந்ததா? கடைக்கு எதற்குப் போனார்கள்?

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எலெக்ஷன் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஆவணி பிறந்திருந்தது. அவர்களைத் தங்க வைத்தது ஒரு பள்ளிக்கூடத்தில். லீவு முடிந்து பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று சொல்லித்தான் வெளியேறச் சொன்னார்கள். தாத்தா டவுனுக்குப் போனது கூப்பன் அரிசி வாங்க.

இப்போது கணக்கு எளிதானது. பொதுத் தேர்தல் 1977 ஜூலை 21. ஆவணி பிறப்பது ஓகஸ்ட் நடுப்பகுதியில். பாடசாலை விடுமுறை ஓகஸ்டில். அந்த வன்செயல்களை விசாரித்த முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் ஆணைக்குழு எடுத்துக்கொண்ட காலம் 1977 ஓகஸ்ட் 13 முதல் செப்டெம்பர் 15 வரை. 1980இல் வெளிவந்த அதன் அறிக்கை சம்பவங்களை இடவாரியாகப் பேசுகிறது. உங்கள் ஊரில் எந்த நாளில் என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்கு, பத்திரிகையைத் திறப்பதற்கு முன் படிக்க வேண்டிய ஆவணம் அது.

படம் எடுத்த பிறகு அச்சில் வரச் சில நாட்கள் ஆகியிருக்கலாம். அதற்காக இரண்டு வாரம் கூட்டி, செப்டெம்பர் 30 வரை என்று எடுத்துக்கொண்டேன். மொத்தம் 49 நாட்கள். அன்று கொழும்பிலிருந்து வந்த தமிழ் நாளிதழ்கள் வீரகேசரி, தினகரன், தினபதி. மூன்று பத்திரிகைகள், 49 நாட்கள், ஆக 147 இதழ்கள். “எழுபதுகளில் வந்த ஒரு படம்” என்று தேடியிருந்தால் என் ஆயுள் போதாது. 147 இதழ்களைச் சில நாட்களில் புரட்டி முடிக்கலாம்.

எந்தப் பத்திரிகை எப்போது வெளிவந்தது என்பதையும் முதலில் சரிபாருங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. தினபதியை வெளியிட்ட தவச நிறுவனத்தை 1974இல் அரசாங்கம் மூடி முத்திரையிட்டது. 1977இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்து தினபதியைத் தேடிப் பயனில்லை. யாழ்ப்பாணத்து ஈழநாடு 1959இல் தொடங்கி 1961இல் நாளிதழானது. உதயன் 1985இல் தொடங்கியது. 1990க்குப் பிந்தைய வன்னிப் படமென்றால் ஈழநாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்?

பத்திரிகைப் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஆங்கிலேயர் காலத்திலேயே இங்கு வந்துவிட்டது. அதனால்தான் கொழும்பு 7இல், பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகள்கூட இருக்கின்றன. 1877இல் தொடங்கிய கொழும்பு அருங்காட்சியக நூலகமும், சுதந்திர அவென்யூவில் 1990இல் திறக்கப்பட்ட தேசிய நூலகமும் அடுத்து பார்க்க வேண்டிய இடங்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதைப் போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புளத்கொகுபிட்டியவிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பிக் கொழும்பு போய்ச் சேர்ந்தவருக்கு, “இன்று அந்தத் தொகுதியை எடுக்க முடியாது” என்ற பதில் ஒரு நாள் சம்பளத்துக்குச் சமம்.

கொழும்புக்குப் போக முடியாதவர்கள் நூலகம் இணையத்தளத்திலிருந்து தொடங்கலாம். 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், சஞ்சிகைகள், பிரசுரங்கள் ஆண்டு வாரியாக இருக்கின்றன. பணம் கட்டத் தேவையில்லை. கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். வடக்கின் பத்திரிகைகளுக்கு இதன் தேவை இன்னும் அதிகம். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஒரே இடத்தில் பாதுகாத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டவர்கள்.

பத்திரிகை நிறுவனங்களிடமும் கேளுங்கள். லேக் ஹவுஸ் போன்ற பழைய நிறுவனங்களிடம் புகைப்படக் களஞ்சியம் உண்டு. அச்சில் வந்த படத்தைவிட, அதற்காக எடுத்த மூலப்படம் பல மடங்கு தெளிவானது. ஆனால், அங்கேயும் முதலில் கேட்கப்படும் கேள்வி “எந்தத் திகதி?” என்பதுதான்.

இன்னொரு வழி இந்தியா. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறினார்கள். கப்பலேறியவர்கள் பெட்டியில் சட்டி பானையோடு குடும்பப் படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் கொண்டுபோனார்கள். இங்கே மண்ணும் தீயும் தின்ற படத்தின் இன்னொரு பிரதி அங்கே ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். சொந்தக்காரர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

வெட்டியெடுக்கப்பட்ட பக்கம்

அம்மா சொன்ன பத்திரிகையைத்தான் முதலில் பார்த்தேன். 49 நாட்களிலும் இல்லை. இரண்டாவது பத்திரிகையில், செப்டெம்பர் மாத இதழொன்றின் உட்பக்கத்தில், ஒரு சதுரம் காணவில்லை. பிளேடால் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். சதுரத்துக்குக் கீழே மிஞ்சியிருந்த வரியில் தோட்டம் என்ற சொல் மட்டும் இருந்தது.

அது எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை. பல நூலகங்களில் இப்படி வெட்டிய பக்கங்கள் உண்டு. முதலில் கோபம் வந்தது. பிறகு, வெட்டியவரும் என்னைப் போலவே யாரையோ தேடி வந்தவராக இருக்கலாம் என்று தோன்றியது. அவருக்கு அவருடைய ஆள் கிடைத்துவிட்டார். அதே சதுரத்தில் நின்ற மற்றவர்கள் எங்களுக்குக் கிடைக்காமல் போனார்கள். பத்திரிகைப் பக்கத்தை யாரும் வெட்டாதீர்கள். ஒரு குடும்பத்தின் படம் என்று நினைத்து நீங்கள் எடுப்பது பத்துக் குடும்பங்களின் படமாக இருக்கும்.

வழி காட்டியது பழைய அச்சுக்கூட நடைமுறை. அன்று படத்தை அச்சிட உலோகத் தகட்டில் ‘புளொக்’ செய்ய வேண்டும். அதற்குச் செலவு உண்டு என்பதால், ஒரு தடவை செய்த புளொக்கைப் பத்திரிகைகள் மறுபடியும் பயன்படுத்தின. நாளிதழில் வந்த படம் ஞாயிறு இதழில் திரும்ப வருவது சாதாரணம். தினகரனுக்கு வாரமஞ்சரி, வீரகேசரிக்கு வாரவெளியீடு, தினபதியின் நிறுவனத்துக்குச் சிந்தாமணி என்று அப்போது ஞாயிறு இதழ்கள் இருந்தன. வெட்டப்பட்ட பக்கத்துக்குப் பிந்தைய ஞாயிறு இதழ்களை வேறொரு இடத்தில் கேட்டு வாங்கினேன். இரண்டாவது ஞாயிறில், நீண்ட கட்டுரையொன்றின் நடுவில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய படம் ஒன்று இருந்தது. பாடசாலைத் திண்ணை. ஏழெட்டுப் பேர். முன்னால் பெரிய சட்டை போட்ட ஒரு பையன்.

கீழே இருந்த குறிப்பில் ஒருவரின் பெயரும் இல்லை. ஊரின் பெயரும் தவறாக இருந்தது.

கிட்ட வைத்தால் புள்ளி, தூர வைத்தால் முகம்

பழைய பத்திரிகைப் படம் புள்ளிகளால் ஆனது. மூலப்படத்தை ஒரு வலைத்திரையின் ஊடாகப் படம்பிடித்துப் புளொக் செய்வார்கள். கறுப்பான இடத்தில் பெரிய புள்ளி, வெளுத்த இடத்தில் சிறிய புள்ளி. நம் கண்தான் அவற்றைச் சேர்த்து முகமாக்குகிறது. இதனால்தான் கைத்தொலைபேசியில் விரலால் பெரிதாக்கினால் முகம் மறைந்து, புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அச்சில் இல்லாத கண்ணும் மூக்கும் வரப்போவதில்லை. இப்போதைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் “தெளிவாக்கி” ஒரு முகத்தைத் தரும். அது செயலி கற்பனை செய்த முகம். காணாமல் போன ஒருவரின் விடயத்தில் அது மிகவும் ஆபத்தானது.

படம்பிடிக்கும்போது ஃபிளாஷ் போடாதீர்கள். கமராவைப் பக்கத்துக்கு நேர்மேலே பிடியுங்கள். முதலில் பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரியும்படி முழுப் பக்கம், பிறகு குறிப்போடு சேர்த்துப் படம், கடைசியாகப் படம் மட்டும். இந்த மூன்றும் வேண்டும். திகதி இல்லாத படம் நாளைக்கு மறுபடியும் அநாதையாகிவிடும்.

அம்மாவிடம் காட்டியபோது அவரும் முதலில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “ஒண்ணும் வெளங்கலியே” என்றார். தொலைபேசியை வாங்கி, கையைத் தூர நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தாத்தா சட்டதான் அது. தோளு எறங்கிக் கெடக்கு பாரு.”

யாரைத் தெரிகிறது?

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. தேடுகிறவர்களின் கண் தேடும் முகத்தையே காணும். “இது மாமாவா?” என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். சின்னம்மாவுக்கு அம்மா சொன்ன எதையும் சொல்லாமல் படத்தைக் காட்டி, “இதுல யாரையாவது தெரியுதா?” என்று மட்டும் கேட்டேன். அவர் முதலில் காட்டியது மாமாவை அல்ல. ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணை. அடுத்த காம்பிராவில் இருந்த அக்கா என்றார். அதற்குப் பிறகுதான் பெரிய சட்டைப் பையனைத் தொட்டு, “அண்ணன்” என்றார். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே ஆளைக் காட்டிய பிறகுதான் நான் நம்பினேன்.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பது இந்த நாட்டில் படத்தோடு வாழும் எல்லோருக்கும் தெரியும். 1983 ஜூலையில் பொரளையில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆடை உருவப்பட்டு அமர்ந்திருக்கும் அந்தத் தமிழ் இளைஞனின் முகம் உலகத்துக்கே தெரியும். அவர் பெயரை அந்தப் படம் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், 2015 ஜனாதிபதித் தேர்தல் பிரசுரமொன்றில் மைத்திரிபால சிறிசேனவுக்கு அருகில் சீருடையில் நிற்கும் மாணவிகளில் ஒருவர் போரில் காணாமல் போன தன் மகள் என்று வவுனியாத் தாய் ஒருவர் சொன்னார். அந்தப் படத்தோடு ஜனாதிபதியிடமே போய்க் கேட்டார். அவர் கேட்டது இவ்வளவுதான்: இது எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் யார்? ஒரு படத்தைப் பற்றி இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அது சாட்சி. இல்லையென்றால் அது தாய்க்கு மட்டும் தெரியும் ஒரு முகம். அதிகாரிகள் அதை எளிதாக ஒதுக்கிவிடுவார்கள்.

எங்கள் மாமாவின் படம் அவர் 2009இல் எங்கே போனார் என்று சொல்லாது. பதினாறு வயதுப் பையனின் படத்தை வைத்து நாற்பத்தெட்டு வயது மனிதரை யாரும் கண்டுபிடிக்கப் போவதுமில்லை. ஆனால், வேறொன்றைச் சொல்லும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்திலோ, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர்ந்த போராட்டப் பந்தலிலோ எங்களைப் போன்ற குடும்பங்கள் போய் நின்றால், “நீங்கள் கேகாலை ஆட்கள் அல்லவா?” என்ற பார்வை ஒன்று உண்டு. மலையகத்தில், “அவர் வடக்கு ஆள் அல்லவா?” என்பார்கள். இரண்டு பட்டியலிலும் விழாமல் போன மனிதர் அவர். 1977இல் சப்ரகமுவவில் வீடிழந்து ஒரு பள்ளித் திண்ணையில் நின்றவர்தான் 2009இல் வன்னியில் காணாமல் போனார் என்பதை, ஒரே ஆயுளில் இரண்டு தடவை துரத்தப்பட்டார் என்பதை, அந்தத் தீப்பெட்டி அளவுப் படம் திகதியோடு சொல்கிறது. அம்மாவின் வாக்குமூலத்தோடு அதை இணைத்திருக்கிறோம்.

கிடைத்த பிறகு

படம் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது பெயரெழுதுவது. அச்சுப் பிரதியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறும். யார் யார் நிற்கிறார்கள், யார் அடையாளம் சொன்னார்கள், எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்பவற்றை எழுதுங்கள். தெரியாத ஆட்களுக்கு “தெரியவில்லை” என்றே எழுதுங்கள். பிரதிகளைக் குறைந்தது மூன்று வீடுகளில் வையுங்கள். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். மலை சரிந்தாலும் கூரை ஒழுகினாலும் எல்லாம் ஒரே நாளில் போகாது.

இன்றைய பத்திரிகைகளையும் மறந்துவிடாதீர்கள். களுபஹன மண்சரிவின்போது எங்கள் பகுதி மக்களின் முகங்கள் மறுபடியும் செய்திகளில் வந்தன. அநேகமாகப் பெயர் இல்லாமல், “பாதிக்கப்பட்ட மக்கள்” என்று. நாற்பது வருடம் கழித்து யாரோ ஒரு பேத்தி அந்தப் படத்தைத் தேடி வருவாள். இணையத்தில் வந்த படம் பத்திரிகைத் தாளைவிடச் சீக்கிரம் காணாமல் போகும். உங்கள் ஆட்களின் படம் எதில் வந்தாலும், இன்றைக்கே திகதியோடு எடுத்து வைத்துப் பெயர்களை எழுதி விடுங்கள். என்னைப் போன்ற ஊடகவியலாளர்களுக்கும் இது பொருந்தும். படம் எடுத்தவரிடம் பெயர் கேட்க அரை நிமிடம் போதும்.

படத்தின் பின்பக்கத்தில் இதுவரை மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறோம். மாமா, அடுத்த காம்பிரா அக்கா, அவர் இடுப்பில் இருந்த குழந்தை. மற்றவர்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய வயதானவர்கள் எங்கள் தோட்டத்தில் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன் அவர்களிடம் போக வேண்டும்.